கல்முனைக்குடியில் மாட்சா, கூடவே ஒரு துண்டு சக்கரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். "கல்முனையில சொந்தக்காரரா?" என்று பக்கத்து இருக்கை அம்மா கேட்டார். பச்சை நிறத்தில் ஒரு தேநீர் குடிப்பதற்காக நாற்பது கிலோமீற்றர் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாங்க" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் பண்டாரவளைக்காரி. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் சட்டையில் வரும் தேயிலை மணத்தோடு வளர்ந்து, இப்போது அதே ஊரில் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். தேநீர் குடிக்க மலையை விட்டிறங்கிக் கடற்கரைக்குப் போனாள் என்று ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும்.

எல்லாம் தர்ஷினியால் வந்த வினை. தங்கையின் மகள், கொழும்பில் வேலை. போன விடுமுறையில் என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போய் மாட்சா வாங்கித் தந்தாள். நிழலில் வளர்த்த தேயிலையை ஆவியில் அவித்து, உலர்த்தி, கல்லில் அரைத்தெடுத்த ஜப்பான் தூள் அது. ஆயிரத்து அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பாலும் ஐஸும் சீனிப்பாகும் ஊற்றி, தேயிலையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் கொடுத்தார்கள். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. தர்ஷினிக்குக் கோபம். இந்த வாரம் சிநேகிதியின் புது வீடு குடிபூரலுக்காக நான் மட்டக்களப்பு வந்திருப்பது தெரிந்ததும் செய்தி அனுப்பினாள்: "பெரியம்மா, கல்முனைக்குடியில ரெண்டு சகோதரிகள் வீட்டுலயே மாட்சா கடை நடத்துறாங்க. அங்க போய்க் குடிச்சிட்டு அப்புறம் பேசுங்க." சரி, குடித்துவிட்டே பேசுவோம் என்று புறப்பட்டுவிட்டேன்.

பஸ் கட்டணம் நூற்றறுபது ரூபாய். கல்லடிப் பாலம் தாண்டியதும் இடப்பக்கம் கடல் இருப்பது காற்றில் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. காத்தான்குடியில் வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வர, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதைக் கடைப் பலகையைப் படித்தால்தான் அறியலாம். மலையில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்காவது இருக்கும். இங்கே ஒரு கோயில் முடிந்தால் பள்ளிவாசல், பள்ளிவாசல் முடிந்தால் கோயில். மருதமுனையில் கைத்தறிச் சாரக் கட்டுகளோடு இரண்டு பேர் இறங்கினார்கள். பாண்டிருப்பு தாண்டி, ஒன்பது மணியாகச் சில நிமிடம் இருக்கையில் கல்முனை.

சந்தியில் நின்ற ஓட்டோக்காரர் நடுத்தர வயது, வெள்ளைத் தொப்பி. மாட்சா கடை என்றதும் சிரித்தார்.

"நுஸ்ரா தங்கச்சிட வீடுதானே? ஓம், தெரியும். ஆனா அக்கா, இண்டைக்குத் திறந்திரிக்குமோ தெரியா. நிந்தவூரால பொம்புளையள் வாறாங்க. சின்னவள் ரிபாக்குக் கலியாணம் பேசுறாங்க, அதுக்கு வீடு பாக்க."

"பொண்ணு பாக்கவா?"

"பொண்ண முதலே பாத்திட்டாங்க. இது வீடு பாக்க."

கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கைகளில் திரும்பித் திரும்பி ஓட்டிக்கொண்டே அவர் விளக்கினார். இந்தப் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுக்க வேண்டும். நுஸ்ராவுக்கு அதே வளவில் பின் வீட்டைக் கொடுத்தாயிற்று. முன் வீடு ரிபாவுக்கு. கடை நடப்பதோ அந்த முன் வீட்டின் ஹோலில்.

"புதுமாப்பிள்ள வந்து ஏறுற வாசல்ல யாவாரம் நடக்கிற எண்டா சனம் கதைக்குந்தானே? வாறவங்க அத எடுங்க எண்டு சொன்னா எடுக்கத்தான் வேணும். பாவம், ரெண்டு புள்ளைகளும் நல்லாப் பாடுபட்டதுகள்."

ஒன்றரைக் கிலோமீற்றருக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, என்னை நீலக் கேற்றடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

கேற்றுக்கு உள்ளே நாற்காலி ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், முக்காட்டின் நுனியை இடுப்பில் செருகியிருந்தாள். அவள்தான் நுஸ்ரா. என்னைக் கண்டதும் நாற்காலியோடு நின்றாள்.

"இண்டைக்குக் கடை இல்ல. மன்னிச்சிக்கங்க. பலகையில போட்டிரிக்கன்."

பலகையில் போட்டிருந்தாள் என்பது உண்மை. ஆனால் பலகை மேலேயே புதுக் கட்டில் விரிப்பு ஒன்றைப் போட்டு மூடியிருந்ததால் யாரும் படிக்க முடியாது. நான் பண்டாரவளையிலிருந்து வந்தவள், ஆசிரியை, பரவாயில்லை, இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொல்லித் திரும்பினேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன புள்ள, மலையில இரிந்து வந்தவங்கள வாசல்ல வெச்சிக் கதைக்காய்? உள்ளுக்கு இரிக்கச் சொல்லு!"

அது நுஸ்ராவின் உம்மா. சின்ன உருவம், பெரிய குரல். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "அவங்க பதினொரு மணிக்குத்தான் வருவாங்க டீச்சர். நீங்க ஆறுதலாக் குடிங்க." பிறகு மகளிடம் திரும்பி, "அந்த மேசைய மட்டும் விடு. மத்தது எல்லாம் பின்னால" என்றார்.

ஹோல் விசாலமானது, வெள்ளை டைல்ஸ். மூன்று மேசைகள் போன இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று நிறம் மாறித் தெரிந்தது. கேக் அடுக்கும் கண்ணாடிப் பெட்டியை நகர்த்த முடியாததால் அதற்கும் ஒரு விரிப்புப் போட்டு, மேலே பூச்சாடி வைத்திருந்தார்கள். ஏதோ பெரியவர் ஒருவர் போர்த்திக்கொண்டு மூலையில் குந்தியிருப்பதுபோல இருந்தது. ஜன்னலோரத்தில் எனக்கு மட்டும் ஒரு மேசை.

நுஸ்ரா சின்னச் சல்லடையில் பச்சைத் தூளைச் சலித்தாள். கேத்தலில் கொதித்த தண்ணீரை உடனே ஊற்றாமல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலைக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்காது என்றேன்.

"அது உங்கட தேயிலைக்கு டீச்சர். இதுக்குக் கொதிதண்ணி ஊத்தினா கசந்து போகும்" என்றாள். சொல்லும்போதே மூங்கிலைச் சீவிச் செய்த கலக்கியை எடுத்து, மணிக்கட்டு மட்டும் ஆட, முன்னும் பின்னுமாக அடித்தாள். பச்சை நுரை எழும்பியது.

அவள் கணவர் ஜப்பானில் பழைய வாகனங்கள் ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் வேலை செய்கிறார். முதல் முறை ஊருக்கு வந்தபோது ஒரு டின் கொண்டுவந்தாராம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. வீணாக்கக் கூடாதென்று தங்கை ரிபா அதைக் கேக்கில் போட்டுப் பார்த்தாள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. குடிக்கிறதெல்லாம் அக்கா கை, தின்கிறதெல்லாம் தங்கை கை என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். சனி, ஞாயிறுகளில் சாய்ந்தமருதிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்களாம். அறுகம்பேக்குப் போகும் வெள்ளைக்காரர்களும் சிலவேளை இறங்குவதுண்டாம்.

காலைச் சாப்பாட்டுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நடுவில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பிரஞ்ச் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சாப்பிட்டால் எழும்பப் பிந்திய சோம்பேறி என்பார்கள். ஆனாலும் என் முன்னால் வந்த தட்டைப் பார்த்ததும் சோம்பேறியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. அவித்த முட்டையும் தேங்காய் இடிசம்பலும் வைத்த சின்ன ரொட்டி இரண்டு. சட்டியில் உறைந்த எருமைத் தயிர், அதன்மேல் மாட்சா தூவிக் கித்துள் மரத்துப் பாகான பாணி ஊற்றியது. கடைசியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம்: அடியில் வழக்கமான பழுப்பு, மேலே ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை.

"முதல்ல ரெண்டையும் கலந்து அவிச்சா ராத்தாட தங்கச்சி. வயல் சேறு மாதிரி வந்திச்சி" என்று, அக்காவை ராத்தா என்று சொல்லி, கதவோரத்திலிருந்து ஒரு குரல் தன்னைத் தானே கேலி செய்தது. ரிபா. இருபத்தைந்துக்குள் இருக்கும். வரப்போகிறவர்களுக்காகப் புதுச் சல்வார் உடுத்தியிருந்தாள். முழங்கையில் கொஞ்சம் மாவு.

பாலில்லாத சூடான மாட்சாவை முதலில் எடுத்தேன். வாய்க்குப் போகுமுன் மூக்குக்குப் போய்விட்டது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்தை வாட்டப் பரப்பியிருப்பார்கள். அந்தப் பச்சை மணம் அப்படியே இருந்தது. நாங்கள் கறுப்பாக்கித்தான் குடிப்போம். அந்த மணம் மாடியோடு நின்றுவிடும், கோப்பைக்கு வராது. இங்கே கடற்கரையில், உப்புக்காற்றில், அது என் கையில் இருந்தது. தர்ஷினியிடம் தோற்றுவிட்டேன் என்று அந்த மிடறிலேயே தெரிந்தது. கசப்பும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பாணி ஊற்றிய தயிரை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் கசப்பு இடம்விட்டு விலகிக்கொண்டது.

"எப்படி டீச்சர்?" என்றாள் நுஸ்ரா.

"நல்லா இருக்குமா. கொழும்புல குடிச்சது இதுக்குக் கிட்டவும் வராது."

அவள் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "அடுத்த கிழமை வந்தா இரிக்குமோ தெரியா." உம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "நாங்க சொல்லித்தான் பாத்த. முதல்லயே உண்மையச் சொல்லுவம் எண்டு. உம்மாக்குப் பயம். கடை எண்டு தெரிஞ்சா திரும்பிருவாங்களாம். ரிபாக்கும் மாப்பிள்ளையப் பிடிச்சிரிக்கி. அவளும் வாயத் திறக்காள்."

நேரம் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் எழும்பினேன். அதற்குள் கேற்றில் நிந்தவூர் வான் வண்டி வந்து நின்றுவிட்டது.

உம்மா என் தோளை அமர்த்தி உட்காரவைத்தார். "நீங்க இரிங்க டீச்சர். கேட்டா எங்கட விருந்தாளி எண்டு சொல்லுங்க. பொய் இல்லத்தானே?"

பொய் இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் மூடாமல் விட்ட ஒரே கடைச் சாமான் நான்தான் என்று எனக்குப் பட்டது.

மூன்று பெண்கள் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய், அவருடைய தங்கை, மகள். தாய் உயரமானவர். வயலும் நெல் மில்லும் உள்ள குடும்பம் என்று நுஸ்ரா சொல்லியிருந்தாள். ஸலாம் சொல்லி, எனக்கும் தலையாட்டி, உட்காரக்கூட இல்லை, நேரே வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அறைகளைப் பார்த்தார்கள். குசினியில் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தார்கள். கூரையில் ஒழுக்கு உண்டா என்று அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் இதில் கூச்சப்படவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். சுவரைத் தட்டிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

திரும்பி ஹோலுக்கு வந்து அமர்ந்ததும் உம்மா தட்டில் சர்பத் கொண்டுவந்தார். ரோஜா நிறம், கண்ணாடி டம்ளர்கள். மாப்பிள்ளையின் தாய் கையை உயர்த்தினார்.

"எனக்கு ஏலா மச்சி. சீனி வருத்தம். டொக்டர் தொடப்படா எண்டிட்டார்."

உம்மா தட்டை மற்ற இருவர் பக்கம் நீட்டினார். சம்பந்தம் பேச வந்தவர் அந்த வீட்டில் தண்ணீர் தொடாமல் போனால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. "பிளேன்டீ ஊத்தட்டா?" என்று கேட்டார். அதற்குள் அந்த அம்மாவின் பார்வை என் மேசைக்கு வந்துவிட்டது.

"அவங்க குடிக்கிறது இலைக்கஞ்சிதானே? அதுல ஒண்டு தாங்க. நான் காலையில அதுதான் குடிக்கிற."

வல்லாரை, முருங்கையிலை எல்லாம் அரைத்து ஊற்றிக் காய்ச்சும் பச்சைக் கஞ்சியைத்தான் சொன்னார். என் கோப்பையின் நிறம் அப்படித்தான் இருந்தது. உம்மா நுஸ்ராவைப் பார்த்தார். நுஸ்ரா ரிபாவைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நுஸ்ரா எழுந்து, கண்ணாடிப் பெட்டியின் விரிப்புக்குள் கையை விட்டு, டின்னையும் சல்லடையையும் கலக்கியையும் எடுத்தாள். மூன்று பெண்களும் பார்த்திருக்க, அவசரப்படாமல், எனக்குச் செய்த அதே முறையில், தண்ணீரை ஆறவிட்டு அடித்தாள்.

மாப்பிள்ளையின் தாய் பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது கஞ்சி இல்ல."

"இல்ல மாமி" என்றாள் நுஸ்ரா.

"கைக்குது." நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றினார். "ஆனா கெட்ட கைச்சல் இல்ல. சக்கரை இரிக்கா? ஒரு துண்டு தாங்க."

"உம்மா, சீனி வருத்தம்!" என்று அவர் மகள் பதறினாள்.

"சர்பத்துல அரைப் போத்தல் சீனி. இது ஒரு கடி. நீ சும்மா இரி."

இலைக்கஞ்சியை இந்தத் தீவில் எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறோம். கையில் ஒரு துண்டு சக்கரை, அதாவது வெல்லக்கட்டி; ஒரு கடி, ஒரு மிடறு. எங்கள் மலையில் வெறும் தேநீரையும் அப்படிக் குடிப்பார்கள், என் அப்பா உட்பட. பாலும் பாகும் ஊற்றிய கொழும்புக்காரர்களுக்கு இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த அம்மா சக்கரையைக் கடித்துக் கடித்துக் கோப்பையை அடிவரை குடித்தார். எனக்கும் ஒரு துண்டு கேட்டேன். அட, அதுதான் சரி. கசப்பு முதலில் போய் நின்று, இனிப்பைக் கைபிடித்துக் கூட்டிவந்தது.

"எங்க வாங்கின இத?" என்று அவர் கேட்டார்.

உம்மா வாயெடுக்குமுன் ரிபா வட்டிலப்பத் தட்டோடு நடுவில் வந்து நின்றாள். அன்றைக்கு அவள் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டியவள்.

"வாங்கல்ல மாமி. இது எங்கட கடை. இந்த ஹோல்லதான் நானும் ராத்தாவும் நடத்துறம். இண்டைக்கு நீங்க வாறீங்க எண்டு மூடி வெச்சிரிக்கி. இது என்ட கையால செஞ்ச."

உம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். இரண்டு மணி நேரப் பழக்கம்தான், ஆனாலும் ரிபா தோற்கக் கூடாதென்று மனதார வேண்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாய் எழுந்து போய்ப் பெட்டியின் விரிப்பைத் தூக்கினார். உள்ளே பச்சைக் கேக் அடுக்குகள். பார்த்தார், விட்டார். "வீடு பாக்க வந்தவளுக்கு எல்லாத்தையும் காட்டினீங்க, இத மட்டும் ஒளிச்சிட்டீங்க மச்சி" என்றார். குரலில் கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு முன் வாசலைப் பார்த்துக்கொண்டு, "ஆனா ஒரு வாசல்தானே இரிக்கி. என்ட மகன் இந்தச் சனத்துக்குள்ளால தாண்டி வாறதா?" என்றார்.

கேள்வியில் நியாயம் இருந்ததுதான் கஷ்டம்.

அவர் ஹோலின் தென்பக்கச் சுவரடிக்குப் போய், விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டி, "இது செங்கல்லா, புளொக்கா?" என்று மட்டும் கேட்டார். சீமெந்து புளொக் இல்லை, செங்கல் என்றார் உம்மா. "ம்" என்றார். நாளைக்கு ஆண்கள் வந்து கதைப்பார்கள் என்று சொல்லி, வட்டிலப்பத்தில் பச்சைப் பக்கத்தை மட்டும் சாப்பிட்டு, மற்ற இருவரோடும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பன்னிரண்டேகாலுக்கு நான் விடைபெற்றேன். சூடான மாட்சா எழுநூற்றைம்பது ரூபாய் என்று விலைப்பட்டியலில் பார்த்திருந்தேன். உம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். "விருந்தாளி எண்டு சொல்லிப் போட்டன். இப்ப காசு வாங்கினா அது பொய்யாப் போகும்." நுஸ்ரா சந்திவரை போக ஓட்டோ பிடித்துத் தந்தாள். "துஆச் செய்யுங்க டீச்சர்" என்றாள். என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கல்லாற்றுப் பாலத்தில் வாவி பளபளத்தது. பார்க்க மனம் ஓடவில்லை. செங்கல்லா புளொக்கா என்று ஏன் கேட்டார்? உறுதியான வீடா என்று பார்த்தாரா, பிடிக்காமல் பேச்சை மாற்றினாரா? மற்ற ஊர்களை விட்டு வரும்போது அந்த ஊரை நினைத்து வருவேன். இந்த முறை ஒரு சுவரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

பண்டாரவளையில் இப்போது என் அலுமாரியில் ஒரு சின்ன மாட்சா டின் இருக்கிறது. முள்ளுக்கரண்டியால்தான் அடிக்கிறேன், நுரை சரியாக வருவதில்லை. என் வீட்டுக்காரர் முதல் நாள் கோப்பையை எட்டிப் பார்த்து, மாட்டுக்கு வைக்கிறாயா என்று கேட்டார். அடுத்த நாள் சக்கரைத் துண்டோடு நீட்டினேன். இப்போது அவராகவே கேட்கிறார். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலை, மேசையில் ஜப்பான் தேயிலை, அதைக் குடிக்கச் சொல்லித்தந்தது நெல் விளையும் நிந்தவூர் அம்மா. இந்தப் புவியியலை நான் எந்த வகுப்பிலும் படிப்பித்ததில்லை.

சில வாரம் கழித்து நுஸ்ராவிடமிருந்து ஒரு படம் வந்தது. ஹோலில் மேசைகள் திரும்பி வந்திருந்தன. ஒவ்வொரு கோப்பையின் பக்கத்திலும் ஒரு துண்டு சக்கரை. அதைத்தான் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் பின்னால் தென்பக்கச் சுவரைப் பார்த்தேன். செங்கல்லை வெட்டிப் புதிதாக ஒரு கதவு வைத்திருந்தார்கள். இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை, கீழே சீமெந்துத் தூள் கிடந்தது.

படத்தோடு அவள் குரலும் வந்தது.

"மாமியே மேசன அனுப்பினா டீச்சர். மாப்பிள்ளையும் வீட்டாக்களும் இதால வரட்டாம், முன் வாசல் கடைக்காம். நீங்க வந்தா முன் வாசலால வராதீங்க. இந்தக் கதவால வாங்க."